அரை வருஷம்

ஒரு வருஷம் நடந்ததா, நடக்கவே இல்லையா என்று தீர்மானிக்க முடியாமற் போனால் அதை அரை வருஷம் என்று கணக்கில் எழுதிக்கொள்ளும் வழக்கம் ஒன்று, கிரீன்லாந்தின் பனிக்கட்டியை ஆராய்பவர்களிடையே இருக்கிறது. பதினாயிரக்கணக்கான வருஷங்களாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பெய்து, தன் பாரத்தாலேயே இறுகிப் பாறையைப்போல் ஆகிவிட்ட பனியைத் துளையிட்டு, சுமார் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டுகளாக வெளியே எடுத்து, வருஷத்துக்கு ஒன்றாக அதில் அமைந்திருக்கும் அடுக்குகளை மேலிருந்து கீழ்நோக்கி அவர்கள் எண்ணிச் செல்லுகிறார்கள். அப்படி எண்ணும்போது இடையிடையே ஓர் அடுக்கு எதிர்ப்படும். வருஷத்துக்குரிய அடையாளங்கள் அதில் முழுமையாக இல்லை. இல்லையென்று தள்ளிவிடவும் மனம் ஒப்புவதில்லை. அத்தகைய அடுக்கை அரை வருஷம் என்று கூட்டிக்கொண்டு, அதன் பக்கத்திலேயே, இதில் அரை வருஷம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று பிழையையும் குறித்துவைக்கிறார்கள்.

இந்த விதியை முதலில் படித்த அன்று நான் மேற்கொண்டு படிக்காமல் வெகுநேரம் புத்தகத்தை மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சூரியனை அரைச் சுற்று மட்டும் சுற்றிவிட்டுப் பூமி நின்றுபோன காலம் என்று ஒன்று இருந்ததில்லை. அந்த வருஷம் முழுமையாக நடந்திருக்க வேண்டும், அல்லது அப்படி ஒரு வருஷமே இருந்திருக்கக் கூடாது. ஆகவே அந்த அரையானது பனிக்கட்டியில் எங்கும் இல்லை. எண்ணுகிறவருடைய அறிவின் எல்லையில் இருக்கிறது. தமக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே எண்ணுக்குள் கலந்து மறைத்துவிடாமல், தெரியாததற்கும் ஓர் அளவு கற்பித்து, அதை அடுக்கு அடுக்காகச் சுமந்துகொண்டு ஆயிரம், பதினாயிரம் என்று காலத்தின் அடிப்பாகம்வரை இறங்கிச் செல்லும் அந்தப் பொறுமையை எண்ணியபோது எனக்கு அவர்கள்மேல் ஒரு மரியாதை உண்டாயிற்று. பின்னால் அவர்களுடைய கணக்கில் எங்கே பிழை நேர்ந்தது என்பதையும் படித்தேன். மரியாதை குறையவில்லை, ஆனால் சந்தேகத்தைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணம் மாறிவிட்டது. அந்த மாற்றத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பனியில் வருஷம் எப்படிப் பதிகிறது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 1952-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கோபன்ஹேகன் நகரில் விடாமல் மழை பெய்தபோது, வில்லி டான்ஸ்கார்ட் என்னும் டேனிஷ் விஞ்ஞானி தம் வீட்டுத் தோட்டத்துப் புல்தரையில் ஒரு காலி பீர் பாட்டிலை நிறுத்தி, அதன் வாயில் ஒரு புனலைச் செருகி, வேளைக்கு வேளை மழைநீரைப் பிடித்துவைத்தார். நீரிலே இருக்கும் பிராணவாயுவில் 16 எடையுள்ள அணுக்களே மிகுதி. 18 எடையுள்ள கனத்த அணுக்கள் ஆயிரத்தில் இரண்டளவுக்கு ஊடே கலந்திருக்கும். மேகம் குளிர்ந்து நீராகும்போது கனத்த அணு கொண்ட நீர் முந்திக்கொண்டு விழுகிறது. குளிர் ஏற ஏற, மேகத்தில் எஞ்சுவது இலேசான நீரே. ஆதலால் கோடையில் பெய்த பனிக்கும் குளிர்காலத்தில் பெய்த பனிக்கும் கனத்த அணுவின் விகிதம் வேறுபடும். அதை அளந்தால் பனி பெய்த நாளின் குளிரை அறியலாம். கிரீன்லாந்தின் பழைய பனியில் பழைய சீதோஷ்ணம் எழுதிக் கிடக்கும் என்ற யோசனையை 1954-இலேயே அவர் வெளியிட்டுவிட்டார். ஆனால் அந்தப் பழைய பனியை மேலே கொண்டுவந்து கொடுத்தது விஞ்ஞான ஆர்வம் அன்று, யுத்தப் பயம். அமெரிக்க ராணுவம் வடமேற்குக் கிரீன்லாந்தில் பனிக்குள்ளேயே சுரங்கங்கள் வெட்டி அமைத்த காம்ப் செஞ்சுரி என்னும் பாசறையில், 1966-இல் ஏறக்குறைய 1,390 மீட்டர் ஆழத்தில் அடிப்பாறையைத் தொட்ட தண்டு ஒன்று கிடைத்தது. அதை டான்ஸ்கார்டும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்து, நூறாயிரம் வருஷத்துச் சீதோஷ்ண சரித்திரமாக 1969-இல் வெளியிட்டார்கள்.

பிராணவாயு ஒன்றுதான் சாட்சி என்பதில்லை. வசந்த காலத்தில் கிழக்கு ஆசியப் பாலைவனங்களின் தூசு ஆயிரக்கணக்கான மைல் பறந்துவந்து கிரீன்லாந்தின்மேல் படிகிறது. குளிர்காலப் புயல்கள் சமுத்திரத்தின் உப்பைக் கொண்டுவருகின்றன. கோடையில் வட அமெரிக்கக் காடுகளிலிருந்து அம்மோனியம் வருகிறது. தண்டை நிமிர்த்தி ஒரு சூடான தட்டின்மேல் நிறுத்தி, மெல்ல உருகும் நீரைக் கருவிகளுக்குள் இடைவிடாமல் செலுத்தினால், இவை ஒவ்வொன்றும் காகிதத்தில் ஓர் அலையாக ஏறியிறங்கும். எல்லா அலைகளும் தத்தம் பருவத்தில் முறையாக எழுந்து தணியும் இடத்தில் ஒரு வருஷத்தை இனங்காண்பது சிரமமன்று. ஆனால் வசந்தத்தில் ஒரு தூசிப்புயலுக்குப் பதில் இரண்டு வந்தால் ஒரே வருஷம் இரண்டாகத் தெரியும். பெய்த பனியைக் காற்று வாரிக்கொண்டு போய்விட்டால் ஒரு வருஷம் பக்கத்து வருஷத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆழம் கூடக் கூட இந்தச் சங்கடமும் கூடுகிறது. மேலிருக்கும் பாரத்தால் ஒவ்வோர் அடுக்கும் அப்பளத்துக்கு இடும் மாவைப்போலப் பக்கவாட்டில் பரந்து மெலிகிறது. ஜான் நை என்னும் பௌதிக அறிஞர் வகுத்த எளிய கணக்குப்படி, பனியின் மொத்த உயரத்தில் பாதியில் இருக்கும் அடுக்கு, பெய்தபோது இருந்த கனத்தில் பாதியாக இருக்கும். கால் பங்கு உயரத்தில் கால் பங்காக. அடித்தளத்தை நெருங்கும்போது ஒரு வருஷம் என்பது ஒரு நகத்தின் கனம்கூட இல்லாமல் போய்விடுகிறது.

இத்தனை இடர்களுக்கிடையே, 2003-இல் 3,085 மீட்டர் ஆழத்தில் அடித்தளத்தைத் தொட்ட நார்த்கிரிப் தண்டையும் அதற்கு முந்திய கிரீன்லாந்துத் தண்டுகளையும் ஒன்றோடொன்று பொருத்தி, இன்றைக்கு 60,000 வருஷங்களுக்கு முன்புவரை அடுக்கடுக்காக எண்ணி முடித்தார்கள். 2005 என்ற ஆண்டின் பெயராலேயே அந்தக் கணக்கு இன்றும் வழங்குகிறது. அரை வருஷ விதி அதனுடையதே. கி.பி. 2000-த்திலிருந்து பின்னோக்கி எண்ணியபோது, கடைசிப் பனியுகம் முடிந்து நாம் வாழும் ஹோலோசீன் காலம் தொடங்கிய இடம் 11,703 வருஷம் என்று வந்தது. அதன் பிழை 99 வருஷம். 2008-இல் சர்வதேசப் புவியியல் சங்கம் அந்தக் காலத்தின் தொடக்க எல்லையாக நார்த்கிரிப் தண்டில் 1492.45 மீட்டர் ஆழத்தையே அங்கீகரித்தது. மற்றக் காலங்கள் பலவற்றுக்கு மலைச்சரிவிலும் கடற்கரைப் பாறையிலும் எல்லைக் குறி இருக்க, மனிதன் பயிரிட்டு ஊர் அமைத்து எழுத்துக் கற்ற இந்தக் காலத்துக்கு மட்டும், கோபன்ஹேகனில் குளிரறையில் வைத்துக் காப்பாற்றவேண்டிய ஒரு பனித்துண்டு எல்லைக்கல்லாக வாய்த்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கவலை உண்டாகிறது.

அந்த 99 எப்படி வந்தது என்பதில்தான் புள்ளியியலின் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. கணக்குக்காக 400 சந்தேக அடுக்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் நேரும் தவறு, நாணயத்தைச் சுண்டினாற்போல் மற்றதோடு சம்பந்தமில்லாதது என்றால், ஓரிடத்தில் கூடியது மற்றோரிடத்தில் குறைந்து பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மொத்தப் பிழை அடுக்குகளின் எண்ணிக்கையைப் பின்பற்றாமல் அதன் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். 10 வருஷத்தை ஒட்டி நின்றுவிடும். ஆனால் எண்ணுகிறவர் மனிதர். ஒருவர் தாராளமாக எண்ணுவார், சின்ன மேட்டையும் வருஷம் என்பார். மற்றொருவர் இறுக்கிப் பிடிப்பார். அந்தச் சுபாவம் காலையில் இருந்ததுபோலவே மாலையிலும், முதல் மீட்டரில் இருந்ததுபோலவே ஆயிரமாவது மீட்டரிலும் இருக்கும். தவறுகள் எல்லாம் ஒரே திசையில் சாயுமானால் அழிந்துபோக வழியில்லை. 400 அடுக்குகளின் பிழை 200 வருஷமாகவே நிற்கும். பத்துக்கும் இருநூறுக்கும் இடையே எவ்வளவு தூரம்! கிரீன்லாந்துக் கணக்கர்கள் பெரிய எண்ணையே ஏற்றார்கள். வர்க்கமூலத்தின் சலுகையை வேண்டாமென்று விட்டு, பிழைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனார்கள்; 60,000-ஆவது வருஷத்தை அடைந்தபோது அது சுமார் 2,600 வருஷமாக வளர்ந்திருந்தது. கணித நோக்கில் இது அளவுக்கு மிஞ்சிய எச்சரிக்கை என்று சொல்லலாம். பலர் சொல்லியும் இருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது சரியான எச்சரிக்கை. தன் சுபாவத்தைத் தானே அளக்கக் கூடிய மனிதன் அரிது.

இப்படி எண்ணிக்கொண்டே இறங்குகிறவர்களுக்கு வழியில் சில நிலையான கம்பங்கள் வேண்டும். நம் கல்வெட்டுகளில் ஓர் அரசனுடைய பதின்மூன்றாம் ஆட்சியாண்டு என்று தெளிவாகவே வெட்டியிருக்கும். ஆனால் அவன் பட்டமேறிய வருஷம் வேறொரு வழியால் தெரிந்தாலன்றி அந்தப் பதின்மூன்று அந்தரத்தில் தொங்கும். பனியின் எண்ணிக்கையும் அத்தகையதே. அங்கே கம்பங்களாக உதவுகிறவை எரிமலைகள். எரிமலை உமிழ்ந்த கந்தகம் ஆகாயத்தில் அமிலமாகிப் பனியில் படிகிறது. அமிலம் மிகுந்த இடத்தில் தண்டு மின்சாரத்தை அதிகமாகக் கடத்துவதால், இரண்டு மின்முனைகளைத் தண்டின்மேல் இழுத்துச் சென்றாலே போதும், எரிமலை வெடித்த வருஷம் ஒரு சிகரமாக எழுந்து நிற்கும். ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலை 1783-இல் கக்கிய விஷவாயு அந்தத் தீவின் கால்நடைகளில் பெரும்பகுதியை அழித்தது, சரித்திரத்தில் அதன் தேதி ஐயத்துக்கிடமின்றி இருக்கிறது, பனியிலும் இருக்கிறது. இரண்டையும் பொருத்தினால் கணக்கு அவ்விடத்தில் ஸ்திரப்படும்.

மலையிலே புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்பது நம் தர்க்க சாஸ்திரத்தில் அனுமானத்துக்குக் காட்டும் முதல் உதாரணம். பிள்ளைகள் நெட்டுருச் செய்த அந்த வாக்கியத்தில் நான் வெகுகாலம் கவனிக்காத ஒன்று உண்டு: அங்கே மலை கண்முன் நிற்கிறது. பனியைப் படிக்கிறவனுக்கு முன்னால் மலை இல்லை. புகை மாத்திரம் இருக்கிறது. நெருப்பு இருந்தது என்று அவன் நிச்சயமாகச் சொல்லலாம். எந்த மலையில் என்று புகை சொல்லுவதில்லை.

கிரீன்லாந்துப் பனியில், கி.பி. முதல் நூற்றாண்டு என்று கணக்குக் காட்டிய ஆழத்தில், ஓர் அமிலச் சிகரம் இருந்தது. அந்த நூற்றாண்டில் வெடித்த எரிமலை எது என்று கேட்டால் உலகமே வெசுவியஸ் என்று பதில் சொல்லும். கி.பி. 79-இல் பாம்பெய் நகரைச் சாம்பலால் மூடிய மலை அது. கண்ணால் கண்ட இளைய பிளினி எழுதிவைத்த கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. ஆகவே அந்தச் சிகரம் வெசுவியஸ் என்று கொள்ளப்பட்டது. அதைக் கம்பமாக வைத்து அதற்கு மேலுள்ள அடுக்குகளின் எண்ணிக்கை சரிபார்க்கப்பட்டது. முதல் ஆயிரத்தாண்டில் இந்தக் கணக்கின் பிழை இரண்டு வருஷத்துக்கு மேற்படாது என்றும் கருதப்பட்டது. எண்ணியவர்களின் அலைகளும் கம்பத்தோடு நன்றாகப் பொருந்தியே வந்தன. பொருந்தாமல் என்ன செய்யும்? ஒரு மேட்டை வருஷமா அன்றா என்று தீர்மானிக்க நேரும்போது, இன்ன ஆழத்தில் இன்ன வருஷம் வந்தாக வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால், கை தன்னை அறியாமலே அந்தப் பக்கம் சாயும்.

இதற்குள் வேறோர் எண்ணிக்கை வேறு ஊரில் நடந்துகொண்டிருந்தது. அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரத்து மைக்கேல் பெய்லி, சதுப்பு நிலங்களில் புதைந்து கிடந்த ஓக் மரங்களின் வளையங்களை ஒன்றோடொன்று கோத்து ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு நாட்காட்டி அமைத்தவர். கி.பி. 536-இலும் அதையடுத்து 540-ஐ ஒட்டியும் மரங்கள் வளர மறந்து நின்றதை அவர் கண்டார். 536-இல் சூரியன் வருஷம் முழுவதும் ஒளி குன்றிச் சந்திரனைப்போல இருந்ததாகப் பைஸாந்திய சரித்திராசிரியர் புரோகோப்பியஸ் எழுதியிருக்கிறார். பெரிய எரிமலைகளின் வேலை என்பது வெளிப்படை. ஆனால் பனியில் 536-க்குச் சிகரம் இல்லை. 529-ஐ ஒட்டி ஒன்றும் 533-ஐ ஒட்டி ஒன்றும் இருந்தன. இரண்டு சிகரங்களின் இடைவெளி மரங்களின் இடைவெளியை ஒத்திருந்தது. இரண்டும் ஏழு வருஷம் முந்தியிருந்தன. பனிக்கணக்கை ஏழு வருஷம் நகர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெய்லி 2008-இல் எழுதினார். பனியை எண்ணியவர்கள் உடனே ஒப்பவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வெசுவியஸ் அங்கே நின்றுகொண்டிருந்தது.

வழக்குத் தீர்ந்தது ஜப்பானியத் தீவொன்றின் மரங்களால். 2012-இல் பூசா மியாகே என்னும் பெண்மணியும் அவருடைய கூட்டாளிகளும், யாக்குத் தீவின் பழைய தேவதாரு மரங்களில் கி.பி. 774-ஆம் வருஷத்து வளையத்திலிருந்து 775-ஆம் வருஷத்து வளையத்துக்கு வருவதற்குள், கதிரியக்கக் கார்பன் திடீரென்று சுமார் 1.2 சதவீதம் ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பின்னர் வேறு கண்டங்களின் மரங்களிலும் அதே ஏற்றம் அதே வருஷத்தில் காணப்பட்டது. விண்ணிலிருந்து வந்த துகள்களின் மழை அது. சூரியனிலிருந்து கிளம்பிய பெரும்புயல் என்பதே இன்று பெரும்பாலோர் கொள்ளும் முடிவு. அத்தகைய மழை ஆகாயத்தில் கார்பனைப் படைக்கும்போதே பெரிலியம்-10 என்ற வேறொரு பொருளையும் படைக்கிறது; கார்பன் மரத்துக்குப் போகிறது, பெரிலியம் பனியோடு இறங்குகிறது. எந்த மலை என்ற கேள்விக்கு இதில் இடமேயில்லை. நெருப்பு ஒன்றே, அது மரத்தையும் பனியையும் ஒருங்கே தொட்டிருக்கிறது. மைக்கேல் சிகில் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் வடமேற்குக் கிரீன்லாந்தின் நீம் தண்டில் பெரிலியத்தை அளந்தார்கள். 2005 கணக்கின்படி 768-ஆம் வருஷம் என்று பெயர் பெற்றிருந்த அடுக்கில் அது உச்சமாக நின்றது. 775-க்கு ஏழு குறைவு.

2015-இல் அவர்கள் வெசுவியஸ் என்ற கம்பத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அடுக்குகளைப் புதிதாக எண்ணி வெளியிட்டார்கள். சிகரங்கள் 536-இலும் 540-இலும் வந்து நின்றன. ஐஸ்லாந்தின் எல்ட்கியா வெடிப்பு 934-லிருந்து 939-க்கு நகர்ந்தது. நடக்காத ஏழு வருஷங்கள் பழைய கணக்கில் எண்ணப்பட்டிருந்தன. பனிக்கட்டியில் வெசுவியஸின் சாம்பல் என்று கருதப்பட்ட கண்ணாடித் துகள்கள் அந்த மலைக்கு உரியவை அல்ல என்று 2022-இல் வேறோர் ஆராய்ச்சியும் காட்டிற்று.

நான் மேலே சொன்ன மாற்றம் இங்கேதான் எனக்கு நேர்ந்தது. அரை வருஷம் என்று குறித்த இடங்களில் அவர்கள் மோசம் போகவில்லை. அவ்வளவு கவனமாகச் சந்தேகத்தை அளந்து, பிழைகளைப் பெரிதாகவே கூட்டி, தங்களுக்கு எதிராகத் தாங்களே வழக்காடிக்கொண்டு போனவர்கள், சந்தேகமே எழாத ஓர் இடத்தில், உலகம் முழுவதும் அறிந்த ஒரு மலையின் பெயரில், ஏமாந்துபோனார்கள். முழு வருஷம் என்று எண்ணப்பட்ட ஏழு அடுக்குகள் முழு வருஷங்கள் அல்ல. முழு நிச்சயம் என்று நட்ட கம்பம் கம்பமே அன்று. பிழை என்று எழுதிய 2, தெரிந்த அறியாமையின் அளவு. தெரியாத அறியாமைக்கு அந்தத் தாளில் பத்தி ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

மலை கிடைக்காமல் புகை காத்திருந்த கதையும் ஒன்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் நடுவே, வடதுருவப் பனியிலும் தென்துருவப் பனியிலும் ஒருங்கே, மிகப் பெரிய கந்தகச் சிகரம் ஒன்று இருப்பது பல காலமாகத் தெரிந்திருந்தது. எந்த மலையென்று யாருக்கும் தெரியவில்லை. அவசரப்பட்டு ஒரு பெயரைக் கம்பமாக நடவும் இல்லை. 2013-இல்தான் அது இந்தோனேசியாவில் லொம்போக் தீவின் சமலாஸ் எரிமலை என்றும், வெடித்தது 1257 என்றும் நிறுவினார்கள். அந்த அனுமானத்துக்குத் துணைநின்ற சாட்சிகளில், மலை வெடித்துப் பமாத்தான் என்னும் தலைநகர் அழிந்ததைச் சொல்லும் பழைய ஓலைச்சுவடிகளும் உண்டு. பனையோலையும் துருவப்பனியும் ஒரே சம்பவத்துக்குச் சாட்சி சொன்னது என்பதை, ஓலையில் வளர்ந்த ஒரு மொழியின் வாசகனாக நான் மிகுந்த மகிழ்ச்சியோடு குறித்துவைக்கிறேன்.

2015-இல் மறுபடி எண்ணியபோது மனிதக் கண்ணோடு ஓர் இயந்திரமும் சேர்ந்து எண்ணியது. மாய் வின்ஸ்ட்ரப் என்னும் டேனிஷ் ஆராய்ச்சியாளர் தம் கூட்டாளிகளோடு 2012-இல் வெளியிட்ட முறை அது. அதன் பூர்வோத்தரம் இலக்கிய வாசகர்களுக்கும் உரியது. 1913-இல் ரஷ்யக் கணித மேதை ஆந்திரேய் மார்க்கோவ், புஷ்கினுடைய யெவ்கேனி ஒனேகின் காவியத்திலிருந்து 20,000 எழுத்துக்களை எடுத்து, உயிரெழுத்துக்குப் பின் உயிர் வருவது எத்தனை தடவை, மெய் வருவது எத்தனை தடவை என்று கையாலேயே எண்ணினார். அடுத்து வரும் எழுத்து முந்திய எழுத்தைச் சார்ந்திருக்கிறது என்பதை எண்களால் காட்டுவதே அவர் நோக்கம். ஒன்றையொன்று சார்ந்து தொடரும் நிகழ்ச்சிகளின் கணிதம் அதிலிருந்து வளர்ந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின், அந்தச் சங்கிலி நம் கண்ணுக்கு மறைந்திருந்து அதன் விளைவு மாத்திரம் வெளியே தெரியும்போது மறைந்ததை ஊகிக்கும் வழியையும் கண்டுபிடித்தார்கள். மனிதர் பேசும் ஓசையைக் கேட்டு அதற்குள் மறைந்திருக்கும் எழுத்துக்களை இனங்காணும் இயந்திரங்களுக்கு அது உயிர்நாடியாக இருந்தது. வின்ஸ்ட்ரப் அதையே பனிக்குக் கொண்டுவந்தார். அலைகள் ஓசை, வருஷங்கள் அந்த ஓசைக்குள் மறைந்திருக்கும் எழுத்துக்கள்.

மனிதன் ஒரு மேட்டைப் பார்த்து வருஷம், வருஷமன்று, அரை என்று மூன்றில் ஒன்றைச் சொல்லுகிறான். இயந்திரம் அப்படிச் சொல்லுவதில்லை. இந்தப் பகுதியில் ஒரு வருஷத்தின் சராசரிக் கனம் எவ்வளவு, அது எவ்வளவுக்குக் கூடிக் குறையும், ஒரு வருஷத்துக்குள் தூசும் உப்பும் எந்த வரிசையில் எழுந்து தணியும் என்பதையெல்லாம் தண்டிலிருந்தே கற்றுக்கொண்டு, அந்த நீளத்தை வருஷங்களாகப் பிரிக்கக் கூடிய எல்லா வழிகளையும் ஒருங்கே எடைபோடுகிறது. கடைசியில் அது கொடுப்பது ஓர் எண்ணன்று. இத்தனை அடுக்குகள் இருக்க இவ்வளவு நிகழ்தகவு, அதற்கு ஒன்று கூட இருக்க இவ்வளவு, ஒன்று குறைய இருக்க இவ்வளவு என்று ஒரு முழு வரிசை. அரை என்ற பழைய விதி இங்கே நுண்ணிய பின்னங்களாக விரிந்திருக்கிறது. மனிதச் சுபாவத்தின் சாய்வும் இல்லை. காலையில் எண்ணியதை மாலையிலும் அப்படியே எண்ணும்.

ஆயினும் இதன்மேல் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தூசிப்புயல் வருவது ஒரு நூற்றாண்டுக்கு வழக்கமாக இருந்துவிட்டால், இயந்திரம் அதையும் பாடமாகக் கற்றுக்கொண்டு, இரட்டிப்பு எண்ணிக்கையைக் குறுகிய பிழையோடு நிச்சயமாகவே சொல்லும். தன் மாதிரிக்குள் இருக்கும் சந்தேகத்தை அது நன்றாக அளக்கிறது. மாதிரியையே சந்தேகிக்க அதற்குத் தெரியாது. அதற்கு வெளியிலிருந்து வேறொரு சாட்சி வரவேண்டும். அந்தச் சாட்சி முதல் சாட்சியோடு கலந்து பேசியிருக்கக் கூடாது. பெய்லியின் ஓக் மரங்கள் பனியைப் பற்றி ஏதும் அறியாதவை என்பதாலேயே அவற்றின் சொல்லுக்கு மதிப்பு.

தென்துருவக் கண்டத்தின் உட்பகுதியில் இந்த எண்ணும் வேலைக்கே இடமில்லை. டோம் சி என்னும் மேட்டில் வருஷத்துக்கு விழும் பனி, நீராகக் கணக்கிட்டால், மூன்று சென்டிமீட்டர்கூட இராது. காற்று அதையும் கலைத்துவிடும். 8,00,000 வருஷத்தைத் தன்னுள் அடக்கிய அந்தத் தண்டுக்கு வயது கற்பிக்கிறவர்கள், பனி எப்படி வழிந்து மெலிந்திருக்கும் என்ற பௌதிகக் கணக்கை ஓர் ஆரம்ப நம்பிக்கையாக வைத்துக்கொண்டு, எரிமலைச் சிகரங்கள், சிறைப்பட்ட காற்றின் குமிழிகள், பூமியின் சுற்றுப்பாதை மாறுதலால் வெயில் கூடிக் குறைந்ததன் தடயங்கள் ஆகிய சாட்சிகள் ஒவ்வொன்றுக்கும் அதனதன் நம்பகத்துக்கேற்ற எடை கொடுத்து, ஆரம்ப நம்பிக்கையை எவ்வளவு குறைவாக மாற்றினால் எல்லாம் சமரசப்படும் என்று பார்க்கிறார்கள். அங்கே பிழை சில நூறு வருஷத்திலிருந்து ஆயிரக்கணக்கான வருஷம்வரை போகிறது. ஏழு வருஷத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. 2025 ஜனவரியில் டோம் சி-க்கு அருகே 2,800 மீட்டர் ஆழத்தில் பாறையைத் தொட்ட தண்டு பன்னிரண்டு லட்சம் வருஷத்தைத் தாண்டுகிறது. அதன் மிகப் பழைய பகுதியில் 13,000 வருஷங்கள்வரை ஒரு மீட்டருக்குள் நெருக்குண்டு கிடக்கின்றன.

என் மனம் மட்டும் திரும்பத் திரும்பக் கிரீன்லாந்துக்கே போகிறது. அங்கே இன்னும் ஒரு மலை பாக்கியிருக்கிறது. ஈஜியன் சமுத்திரத்தில் தேரா என்ற தீவு வெண்கலக் காலத்தில் வெடித்துச் சிதறியது. அது எந்த வருஷம் என்பதைப் பொறுத்தே எகிப்திய சரித்திரத்தையும் கிரேக்கத் தீவுகளின் சரித்திரத்தையும் ஒன்றோடொன்று கோக்க முடியும். 2005 கணக்கில் கி.மு. 1642 என்று வந்த ஒரு சிகரத்தைத் தேரா என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அந்த அடுக்கிலிருந்த கண்ணாடித் துகள்களைப் பரிசோதித்தபோது அவை அலாஸ்காவின் அனியாக்சாக் எரிமலையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. திருத்திய எண்ணிக்கையில் அதன் வருஷமும் 1628 என்று ஆயிற்று; அயர்லாந்து ஓக் மரங்கள் வளர மறந்ததாகப் பெய்லி முன்பே காட்டியிருந்த அதே வருஷம். புகைக்கு மலை கிடைத்தது. மலைக்குப் புகை போயிற்று. இப்போது கி.மு. 1611-லிருந்து 1538 வரை இருக்கும் சில சிறிய சிகரங்களின் அருகே பனியை மெல்லிய துண்டுகளாக அறுத்து உருக்கி, வடிகட்டியில் தங்குவதை நுண்நோக்கியின்கீழ் வைத்து, தேராவின் கண்ணாடித் துகள் ஒன்று அகப்படுகிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.